வில்லும் வீதியும்: மோட்டார்க் காரின் பின்புற வில்லமைப்பும் வன்னி அனுபவமும்

1. நோக்கம்

நமது பண்பாட்டு ஆய்விலே பாட்டும் கூத்தும் பெறுகின்ற இடத்தைக் கருவிகள் பெறுவதில்லை. கலப்பையும் வண்டியும் பாவனையிலிருந்து நீங்கிப் பொருட்காட்சிக்குச் சென்ற பின்னரே ஆய்வாளர் கண்ணிற் படுகின்றன. இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரமோ பொறியியலாளருக்கு மட்டும் உரியது என ஒதுக்கப்படுகின்றது. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திலே (1867), இயந்திரம் பற்றிய அதிகாரத்தில், தொழில்நுட்பத்துக்கு ஒரு விமரிசன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை எனச் சுட்டினார். அவ்வாறு எழுதப்படின், கண்டுபிடிப்புக்களில் தனியொருவருக்கே உரியவை மிகச் சிலவே என்பது புலப்படும் என்பது அவரது கருத்து. இக்கருத்து தமிழ்ச் சூழலில் இன்றும் முழுமையாகக் கவனிக்கப்படவில்லை.

இக்கட்டுரை மிகச் சிறிய ஓர் உறுப்பை எடுத்துக்கொள்கின்றது. மோட்டார்க் காரின் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே அமைந்துள்ள வில்லமைப்பே அது. ஓட்டப் போட்டிக்கு ஏற்றவாறு அதனை மேம்படுத்துவது எங்ஙனம் என விளக்குவது நமது முதல் நோக்கமாகும். அதே உறுப்பை வன்னிப் பெருநிலத்து மக்கள் பாரத்துக்கும் கிரவல் வீதிக்கும் ஏற்ப மாற்றிய அனுபவத்தோடு அதனை ஒப்புநோக்குவது இரண்டாவது நோக்கமாகும். வில்லைக் கடினமாக்குவதே மேம்பாடு என்னும் எண்ணம் போட்டிக்காரரிடத்தும் பாரம் ஏற்றுவோரிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றது. அது தவறு என்பதும், எந்த வீதி, எந்தப் பாரம், யாருடைய தேவை என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே 'மேம்பாடு' என்னும் சொல் பொருள்பெறும் என்பதும் நமது முடிபுகள்.

2. 'வில்' என்னும் சொல்

தமிழிலே 'வில்' என்பது முதலில் போர்க்கருவி. வளைக்கும்போது சத்தியைச் சேமித்து, விடும்போது மீளத் தருவது அதன் இயல்பு. அவ்வியல்பைக் கண்டே உருக்குத் தகடுகள் பொருத்திய மாட்டுவண்டிக்கு 'வில்வண்டி' எனப் பெயரிட்டனர். பாரவண்டிக்கு வில் இல்லை. அது நெல்லையும் வைக்கோலையும் சுமப்பது. வில்வண்டியோ மனிதரைக் குலுக்காது கொண்டுசெல்வது. அம்மனிதர் யார் என்பதிலேதான் சமூக வரலாறு தொடங்குகின்றது.

1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரிலே, புலையர் சமூகத்தைச் சேர்ந்த ஐயன்காளி வில்வண்டி ஒன்றில் ஏறிப் பொதுவீதியிற் சென்றார். ஒடுக்கப்பட்டோர் நடப்பதற்கே தடைவிதிக்கப்பட்டிருந்த வீதி அது. வரலாற்றிலே 'வில்லுவண்டிப் போராட்டம்' என அறியப்படும் அந்நிகழ்ச்சியில் வீதியுரிமையோடு வில்லுரிமையும் கோரப்பட்டது எனலாம். குலுங்காது செல்வது உயர்குடியினரின் உடலுக்கே உரியது என்ற விதியை அது உடைத்தது. ஆகவே வில்லமைப்பு வெறும் இயந்திர உறுப்பு அன்று. யாருடைய உடல் காக்கப்படவேண்டும் என்ற சமூகத் தீர்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது.

3. வில் செய்யும் தொழில்

வில்லமைப்பின் தொழில் பயணிக்குச் சொகுசு அளிப்பதே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. போட்டி ஓட்டுநருக்கு அது இரண்டாம்பட்சமானது. ரயர் நிலத்தோடு கொண்ட தொடர்பு அறாதிருக்கச் செய்வதே முதன்மையான தொழிலாகும். காரின் வேகம், தடுப்பு, திருப்பம் ஆகிய யாவும் உள்ளங்கை அளவினதான நான்கு ரயர்ப் பரப்புக்களின் உராய்விலேயே தங்கியுள்ளன. சில்லு நிலத்தை விட்டு எழும் கணத்தில் அந்தச் சில்லைப் பொறுத்தவரை ஓட்டுநருக்கு எவ்வித அதிகாரமும் இல்லை.

வில் சத்தியைச் சேமிக்குமேயன்றி அழிக்காது. பள்ளத்தில் இறங்கிய கார் வில்லொன்றை மட்டும் கொண்டிருப்பின் நெடுநேரம் மேலும் கீழும் அலைந்துகொண்டிருக்கும். அவ்வலைவைத் தணிப்பது கராஜ் வழக்கில் 'சொக் அப்சோபர்' எனப்படும் அதிர்வடக்கியாகும். அது எண்ணெயைச் சிறு துவாரங்களூடாகச் செலுத்தி அலைவின் சத்தியை வெப்பமாக்கி வெளிவிடுகின்றது. சாதாரணக் கார் ஒன்றின் வில் செக்கனுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 வரையான அலைவுகளுக்கு அமைக்கப்படுகின்றது. போட்டிக் கார்களில் இது 2 அலைவுகள்வரையும் அதற்கு மேலும் செல்லும். வில்லைக் கடினமாக்கி, அதிர்வடக்கியைப் பழையபடியே விடுவது துள்ளும் காரையே தரும்.

திருப்பத்தின்போது நிகழ்வது இன்னும் முக்கியமானது. கார் வளைவிற் செல்கையில் உட்புறச் சில்லுகளின் நிறை குறைந்து வெளிப்புறச் சில்லுகளின் நிறை கூடுகின்றது. 1000 கிலோகிராம் திணிவும், 0.5 மீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு மையமும், 1.25 மீற்றர் சில்லிடை அகலமும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலின் பத்தில் எட்டுப் பங்கு பக்கவாட்டு ஆர்முடுகலோடு அது திரும்பும்போது 320 கிலோகிராம் நிறை உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு மாறும். புவியீர்ப்பு மையத்தை 5 சதமமீற்றர் தாழ்த்தினால் அது 288 கிலோகிராம் ஆகும். அதாவது பத்திலொன்று குறையும். போட்டிக் கார்கள் தாழ்வாக அமைக்கப்படுவதன் காரணம் இதுவே.

இம்மொத்தத்தை வில்லின் கடினம் ஏறக்குறைய மாற்றுவதில்லை என்பது பலர் அறியாத உண்மை. அதனை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே பகிர்வதையே வில்லின் கடினம் தீர்மானிக்கின்றது. ரயரின் பிடி நிறைக்கு நேர்விகிதமாகக் கூடுவதில்லை. நிறை இருமடங்காகும்போது பிடி இருமடங்கிலும் குறைவாகவே உயரும். எனவே நிறை சமமாகப் பகிரப்பட்ட இரு ரயர்களைவிட, ஒன்று அதிகமாகவும் மற்றையது குறைவாகவும் சுமக்கும் இரு ரயர்களின் மொத்தப் பிடி குறைந்ததாகும். எந்த அச்சு கடினமானதோ அந்த அச்சிலேயே நிறைமாற்றத்தின் பெரும்பங்கு நிகழும். அந்த அச்சே முதலிற் பிடி இழக்கும். பின்புறத்தைக் கடினமாக்கினால் காரின் பின்பகுதி வெளியே வழுக்க முற்படும். முன்புறத்தைக் கடினமாக்கினால் சுக்கானைத் திருப்பியும் கார் நேரே செல்ல முற்படும். பின்புற வில்லமைப்பை மேம்படுத்துவது என்பது சாராம்சத்தில் இவ்விரு போக்குகளுக்குமிடையே ஒரு சமநிலையைக் காண்பதேயாகும்.

4. தகட்டு வில்லும் அதன் திருத்தமும்

இலங்கையின் வீதிகளிலே நெடுங்காலம் ஆட்சி செய்தவை ஒஸ்ரின், மொறிஸ் கார்களாகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் முன்புறத்தில் முறுக்குச் சலாகையும், பின்புறத்தில் முழு அச்சைத் தாங்கும் தகட்டு வில்லும் இருந்தன. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்து இந்தியாவில் 2014வரை உற்பத்தியான அம்பாசடரும் பின்புறத்தில் இத்தகட்டு வில்லையே கொண்டிருந்தது.

தகட்டு வில்லின் சிறப்பும் குறையும் ஒன்றே. அது பாரத்தைத் தாங்குகின்றது. அத்துடன் அச்சை அதன் இடத்திற் பிடித்தும் வைக்கின்றது. இரு தொழில்களை ஓருறுப்பே செய்வதால் அது மலிவானது, எளியது, எந்தக் கொல்லனும் திருத்தக்கூடியது. ஆனால் போட்டிக்கென வலுவான எஞ்சின் பொருத்தப்படும்போது இவ்விரு தொழில்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. வேகமாகப் புறப்படும்போது அச்சு தன்னைத்தானே முறுக்க முற்பட, தகடுகள் நெளிந்து பின் விடுபடுகின்றன. இது விரைவாக மீள மீள நிகழ்வதனால் சில்லுகள் நிலத்தில் தத்துகின்றன. வளைவிலோ அச்சு உடலுக்குக் கீழே பக்கவாட்டில் நகர்கின்றது.

இக்குறைகளை நீக்கும் முறைகளை ஒழுங்காக நோக்குவோம். முதலாவது, தேய்ந்தவற்றைப் புதுப்பித்தல். வில்லின் கண்களிலுள்ள இறப்பர்ப் புஷ்கள் தளர்ந்த காரில் வேறெந்தத் திருத்தமும் பயன் தராது. சாதாரண இறப்பருக்குப் பதிலாகப் பொலியூரித்தேன் புஷ்களைப் பொருத்தினால் அச்சின் தேவையற்ற அசைவு குறையும். வீதியின் இரைச்சல் காரினுள் கூடும்.

இரண்டாவது, அதிர்வடக்கி. மொறிஸ் மைனரில் இருப்பது நெம்புகோல் வகை. இதனை நீக்கி, நேராக இயங்கும் குழாய் வகையைப் பொருத்துவது வழமை. அதற்கு உடலில் உறுதியான புதிய தாங்கிகளை ஒட்டவேண்டும். நீட்சிக்கும் அமுக்கத்துக்கும் வேறுவேறாகச் சரிசெய்யக்கூடிய அதிர்வடக்கிகள் விலை கூடியவை. ஆயினும் இத்துறையிற் செலவிடும் பணத்துக்கு மிகுந்த பயன் தருபவை அவையே.

மூன்றாவது, அச்சின் முறுக்கத்தைத் தடுத்தல். அச்சிலிருந்து முன்னோக்கி உடலுக்குச் செல்லும் ஒரு சலாகை இதனைச் செய்யும். நான்காவது, பக்கவாட்டு நகர்வைத் தடுத்தல். அச்சின் ஒரு முனையையும் உடலின் மறுபக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சலாகை பிரான்சின் பனார் நிறுவனத்தின் பெயரால் வழங்குகின்றது. அது எளியது, ஆயினும் ஒரு வில்வளைவிலேயே இயங்குவதால் அச்சைச் சிறிது பக்கவாட்டிற் தள்ளும். இக்குறையற்றது ஜேம்ஸ் வாட்டின் இணைப்பு. 1784இல் தமது நீராவி எஞ்சினின் தண்டை நேர்கோட்டில் இயக்குவதற்காக வாட் காப்புரிமை பெற்ற அமைப்பு, பின்னாளில் போட்டிக் கார்களின் பின் அச்சைப் பிடித்திருக்கும் உறுப்பாயிற்று. நிலக்கரிச் சுரங்கத்துக்கும் நூற்பாலைக்கும் பிறந்த தீர்வு விளையாட்டு வாகனத்தில் மறுபிறவி எடுத்தமை, தொழில்நுட்ப அறிவு எவ்வாறு தலைமுறைகளின் கூட்டுச் சொத்தாகின்றது என்பதற்குத் தக்க சான்றாகும்.

ஐந்தாவதாகவே வில்லின் கடினமும் உயரமும் கருதப்படவேண்டும். காரைத் தாழ்த்துவதற்கு அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டைகளைப் புகுத்துவது எளிய வழி. ஆனால் அது வில்லை முறுக்கும் நெம்பை நீட்டுவதால் முன்கூறிய தத்தலை அதிகரிக்கும். தகடுகளின் வளைவைக் குறைத்து மீள அமைப்பதே சிறந்தது. பின் அச்சால் இயக்கப்படும் காரில் பின்புறத்தைச் சாய்வுத் தடைச் சலாகையால் மிகவும் கடினமாக்கினால், வளைவில் உட்புறச் சில்லு நிறையிழந்து வெறுமனே சுழலும். எஞ்சினின் வலு அங்கேயே வீணாகும். இதனாலேதான் இவ்வகைக் கார்களிற் பெரும்பாலும் முன்புறச் சலாகையே முதலில் தடிப்பாக்கப்படுகின்றது.

5. இறப்பர் வில்லும் முறுக்கு அச்சும்

முன் சில்லுகளால் இயக்கப்படும் கார்களில் நிலைமை நேர்மாறானது. 1959இல் வெளிவந்த மினிக் காருக்கு அலெக்ஸ் மோல்ற்றன் உருக்கு வில்லுக்குப் பதிலாக இறப்பர்க் கூம்புகளை அமைத்தார். நசுக்கப்படும்தோறும் இறப்பரின் எதிர்ப்பு கூடிச்செல்வதால், ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் சிறிய கார் சமாளித்துக்கொள்ளும். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ நெடுந்தூரப் போட்டியை வென்றது இச்சிறு காரே. இலங்கையின் போட்டிக் களங்களிலும் மினி நெடுங்காலம் ஓடியுள்ளது. இறப்பரை மூலப்பொருளாக ஏற்றுமதி செய்த நாடு, இறப்பர் வில்லை இங்கிலாந்திலிருந்து முடிவுப்பொருளாக இறக்குமதி செய்தது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. குடியேற்றப் பொருளாதாரத்தின் முழு வடிவத்தையும் அந்தக் கூம்பிலே காணலாம்.

இத்தகைய கார்களில் எஞ்சினும் இயக்கமும் முன்புறத்தில் இருப்பதால் முன் ரயர்கள் அதிகச் சுமை தாங்குகின்றன; வளைவில் கார் நேரே செல்லவே முற்படும். இங்கு பின்புறத்தைக் கடினமாக்குவது முன்புறத்தின் சுமையைக் குறைத்து, காரை இசைவாகத் திரும்பச்செய்யும். திருப்பத்தில் உட்புறப் பின்சில்லு நிலத்தை விட்டு எழுவதையும் காணலாம். அது இயக்கும் சில்லு அன்றாகையால் இழப்பு சிறிது. இன்றைய சிறு கார்கள் பலவற்றின் பின்புறத்திலே உள்ள முறுக்கு அச்சின் வெற்றிடத்தில் ஒரு சலாகையை இணைத்து இதே பயனைப் பெறுகின்றனர். ஒரே திருத்தம் ஒரு வகைக் காருக்கு நன்மையும் மற்றொரு வகைக்குத் தீமையும் ஆவது இயங்கியலின் எளிய பாடமெனலாம்.

களத்தின் இயல்பும் கருதப்படவேண்டும். வட்டரங்கு ஓட்டத்திலே வேகம் மிக்க நீண்ட வளைவுகள் உள. வில்லும் அதிர்வடக்கியும் நெடுநேரம் வெப்பமடைகின்றன. 'ஓட்டோகுரொஸ்' என்பது வேறு. இங்கிலாந்து வழக்கில் அது புல்தரையிலோ மண்தரையிலோ நிகழும் போட்டி. அமெரிக்க வழக்கிலே, தார் அல்லது கொங்கிறீற்றுத் தளத்தில் கூம்புகளை நட்டு, கார்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் கணிப்பது. அங்கு வேகம் குறைவு. ஆயின் இடமும் வலமுமாக நிறை விரைந்து மாறிக்கொண்டேயிருக்கும். எனவே வில்லைவிட அதிர்வடக்கியே வெற்றியைத் தீர்மானிக்கும். மண்தரையிலோ நீண்ட அசைவும், மென்மையான வில்லும், உயர்ந்த உடலும் தேவை. தார்த் தளத்தில் வென்ற காரைக் கிரவல் வீதியில் விட்டால் அது முதற் பள்ளத்திலேயே அடியில் இடிபடும்.

6. வன்னியின் பாரம்

இனி வன்னிக்கு வருவோம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களைச் சார்ந்து எழுந்த குடியேற்றங்களின் வாழ்வு நெல்லின் போக்குவரத்தோடு பிணைந்தது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியும் அவற்றினின்று பிரியும் கிரவல் ஒழுங்கைகளும் நெடுங்காலம் கோடையிற் புழுதியாகவும் மாரியிற் சேறாகவும் மாறிவந்தவை. இவ்வீதிகளிலே வாடகைக் கார் என்பது பயணியையும் மூடையையும் நோயாளியையும் ஒருங்கே சுமந்த வாகனம். எனவே அதன் பின் வில்லுக்குக் கராஜ்களிலே மேலதிகத் தகடு சேர்ப்பது இயல்பான திருத்தமாயிற்று. லொறிக்கும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் இதே முறையே கையாளப்பட்டது.

இதன் கணக்கு எளியது. ஒரே நீளமும் தடிப்பும் உள்ள ஐந்து தகடுகளோடு ஆறாவதைச் சேர்த்தால் கடினம் 20 வீதம் கூடும். ஆனால் கடினம் தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுவது. 6 மில்லிமீற்றர்த் தகடுகளுக்குப் பதிலாக 7 மில்லிமீற்றர்த் தகடுகளை இட்டால் அது ஏறக்குறைய 59 வீதம் உயரும். பாரம் ஏற்றியபோது இது பொருத்தமானதே. மூடைகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போதோ அதே வில் பாரத்துக்காகக் காத்திருக்கும் வில்லாகவே இருக்கின்றது. கிரவல் வீதியில் பின்சில்லுகள் துள்ளுகின்றன. தடுப்பை அழுத்தும்போது பின்புறம் வழுக்குகின்றது. உழைப்புக்கு ஏற்ற வாகனம் திரும்பும் வழியில் ஆபத்தாவதன் காரணம் இது.

இத்திருத்தங்கள் தாராளமான சந்தையின் நடுவே செய்யப்பட்டவை அல்ல. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. நாடெங்கும் பழைய கார்கள் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டு ஓடின. 1977இன் பின் தெற்கிலே நிலை மாறியது. வடக்கிலோ போர் வந்தது. 1990இலிருந்து நிலவிய பொருளாதாரத் தடையின்கீழ் பெற்றோலும் பற்றரியும் சீமெந்தும் இரும்பும் அரிய பண்டங்களாயின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை பரவிற்று. 2002இல் ஏ9 வீதி திறக்கப்படும்வரை, உடைந்த வில்லுக்குப் பதில் புதிய வில் அன்று, மற்றொரு வாகனத்தின் வில்லே கிடைத்தது. ஒரு காரின் தகட்டை அளந்து வெட்டி, துளையிட்டு மற்றொன்றுக்குப் பொருத்தும் கைவினை இவ்வாறு வளர்ந்தது. இறுதியில் வாகனத்துக்கு உதவாத தகடு கொல்லன் பட்டறைக்குச் சென்று கத்தியாகவும் கோடாலியாகவும் மாறிற்று. வில்லுக்கென ஆக்கப்பட்ட உருக்கு வெட்டுக்கருவிக்கும் ஏற்றது என்பதை நமது கொல்லர் நன்கறிவர்.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீட்டுக் கூரையிலிருந்து விதைநெல்வரை ஏற்றிச்சென்றவை இந்த உழவு இயந்திரப் பெட்டிகளும் லொறிகளுமே. மேலதிகத் தகடு சுமந்தது ஒரு சமூகத்தின் முழு உடைமையை. 2009 மே மாதத்தின் பின் முல்லைத்தீவுக் கரையோரத்திலே அவ்வாகனங்கள் குவியல்களாகக் கிடந்து, இறுதியில் பழைய இரும்பாயின. இந்தத் தொழில்நுட்ப வரலாற்றின் ஆவணங்கள் எவையேனும் இருந்திருப்பின், அவற்றின் பெரும்பகுதி அக்குவியல்களிலேயே அழிந்தது.

பற்றாக்குறையைப் போற்றுவது நமது கருத்தன்று. தடை மக்களை அறிவாளிகளாக்கிற்று எனக் கூறுவது தடைவிதித்தோருக்கே துணைபோகும். தடையின்றியும் அவ்வறிவு வளர்ந்திருக்கும். மேலும் சிறந்த கருவிகளோடு வளர்ந்திருக்கும். நாம் வலியுறுத்துவது வேறு. மேலதிகத் தகடு சேர்த்த வன்னித் தொழிலாளியும், தகட்டின் வளைவைக் குறைத்த போட்டிக் கராஜ்காரரும் ஒரே விதியைக் கையாண்டனர். ஒருவரது அறிவு 'பொறியியல்' எனவும் மற்றவரது அறிவு 'சமாளிப்பு' எனவும் பெயர்பெற்றமைக்குக் காரணம் விஞ்ஞானம் அன்று, வர்க்கமும் இடமுமேயாகும்.

7. களம் யாருடையது?

இலங்கையில் மோட்டார் விளையாட்டு மலையகத் தோட்டப் பொருளாதாரத்தின் நிழலில் வளர்ந்தது. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அண்மைக் காலங்களில் பெரும் போட்டிகள் பலவற்றின் களம் இராணுவத்துக்கு உரியது; 1993இல் தொடங்கிய தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டி இராணுவக் கல்லூரியைச் சார்ந்தது. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் அங்கு ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் அடங்குவர். எந்த வில்லமைப்பும் பிடியிழக்கும் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லைக்கு அப்பால் யார் நிற்கின்றனர் என்பதை வாகனம் அன்று, களத்தை ஒழுங்குசெய்வோரே தீர்மானிக்கின்றனர்.

வன்னியில் ஓட்டப் போட்டி என்பது இன்றும் மாட்டுவண்டிச் சவாரியே. சவாரி வண்டிக்கு வில் இல்லை. ஓட்டுபவரின் முழங்காலும் இடுப்புமே வில்லாகவும் அதிர்வடக்கியாகவும் தொழிற்படுகின்றன. ஆயினும் புதிய தலைமுறையின் ஆர்வம் மோட்டாரை நோக்கியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீள அனுமதிக்கப்பட்டதால், கைக்கெட்டும் பழைய காரே இளைஞரின் சோதனைப் பொருளாகின்றது. காரைத் தாழ்த்துவதற்குச் சுருள்வில்லை அறுப்பது உலகெங்கும் காணப்படும் மலிவான வழி. தொழிற்படும் எட்டுச் சுற்றுக்களில் ஒன்றை அறுத்தால் கடினம் ஏறக்குறைய 14 வீதம் கூடும். ஆனால் வில் அசைவதற்கான இடம் அதனிலும் மிகையாகக் குறையலாம். அறுத்த முனை அதன் இருக்கையிற் சரியாகப் பொருந்தாது. சுவாலையால் சூடாக்கித் தாழ்த்தினால் உருக்கின் பதமே கெடும். இது மேம்பாடு அன்று, வெறும் தோற்றம். அதன் விலையை ஓட்டுநர் மட்டுமன்றி ஏ9 வீதியோரம் நடந்துசெல்லும் பாடசாலைப் பிள்ளையும் செலுத்த நேரலாம்.

8. முடிவுரை

தடைகளை மட்டும் விதித்து இவ்வார்வத்தை அடக்கமுடியாது. அதற்கு உரிய களத்தை அமைப்பதே தக்கது. கூம்புகளை நட்டுக் கார்களை ஒவ்வொன்றாக ஓடவிடும் ஓட்டோகுரொஸ் முறைக்குத் தட்டையான ஒரு தளமும், பார்வையாளரைத் தூரத்தில் நிறுத்தும் ஒழுங்கும், நேரக்கணிப்பும் போதும். அங்கு கற்கத்தக்கது வேகத்தைவிட முறையியலே: ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும் செய்தல், அதே ஓட்டுநர், அதே ரயர்க் காற்றழுத்தம், நேரத்தைக் குறித்தல், பின்னர் அடுத்த மாற்றம். செலவின்றிச் செய்யக்கூடிய முதற் சோதனை காற்றழுத்தத்தை மாற்றிப் பார்ப்பதே.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உள்ளன. வவுனியாவிலே 2021இல் ஒரு பல்கலைக்கழகம் மலர்ந்தது. இவற்றின் ஆய்வுகூடங்களுக்கும் சந்திக் கராஜ்களுக்கும் இடையே பாலம் அமைத்தல் அவசியம். தகடு சேர்த்தும் வெட்டியும் பொருத்தியும் வந்த தொழிலாளர்களின் அறிவு வாய்மொழியாக மட்டுமே உளது. அவர்களுட் பலர் முதுமையடைந்துள்ளனர். அவர்களின் சொற்களையும் அளவுகளையும் பதிவுசெய்தல் நாட்டார் பாடலைப் பதிவுசெய்தலிலும் எவ்வகையிலும் தாழ்ந்த பணியன்று. தமிழிற் கலைச்சொல்லாக்கம் பேசுவோர் அகராதியோடு கராஜுக்கும் செல்லவேண்டும்.

களத்துக்கான நிலம் பற்றிய வினா எஞ்சுகின்றது. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தமது சொந்தக் காணிக்காகப் படைமுகாம் வாயிலிலே இருந்து போராடினர். அவ்வாறான ஒரு மாவட்டத்தில் பொதுத்தளம் ஒன்றைக் கோருவதும் அரசியற் கோரிக்கையே. வில்லமைப்பைச் சீர்செய்வது கராஜில் முடியும் வேலை. அது ஓடவேண்டிய வீதியையும் தளத்தையும் மக்களின் உடைமையாக்குவது கூட்டு முயற்சியாலேயே கைகூடும்.